இன்ஜினைக் கடைசியில் யோசிப்போம்

சாலைக்கும், கால் மைல் நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) பந்தயத்தின் தடத்துக்கும் பொதுவாக ஒரு காரைக் கட்டப்போகிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால், சுற்றியிருப்பவர்கள் தரும் முதல் அறிவுரை ஒன்றேதான்: "எல்லாவற்றிலும் நடுவாகப் போங்கள்." ஸ்பிரிங் மிகக் கடினமாகவும் வேண்டாம், மிக மென்மையாகவும் வேண்டாம். கியர் விகிதம் பெரிதாகவும் வேண்டாம், சிறிதாகவும் வேண்டாம். இதற்குத் தலையாட்டாதவர்கள் குறைவு. நியாயத்தின் வாடை அடிக்கும் எந்தப் பேச்சுக்கும் நாம் தலையாட்டிவிடுகிறோம். ஆனால் இந்த நடுவழியில் கட்டப்பட்ட கார்களை நான் பார்த்தவரையில், தடத்தில் ஆக்சில் முறிகிறது, சாலையில் முதுகு முறிகிறது. நடு என்பது இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளி நிற்கும் இடம் என்பதை யாரும் சொல்வதில்லை.

இந்த உறுத்தல் பழையது. அதை மறுபடி கிளறிவிட்டது நண்பர் ஒருவரின் 1970ஆம் ஆண்டு செவர்லே நோவா. கூடு நன்றாக இருந்தது. பின்பக்கம் மட்டும் காலி: ஆக்சிலும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது. முதல் வரியில் இன்ஜின்: 383 கன அங்குல ஸ்மால் பிளாக், ஏறத்தாழ 600 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, 460 குதிரைத் திறன். அடுத்து கார்புரேட்டர், எக்ஸாஸ்ட், பெயின்ட், இருக்கைகள். கடைசி வரியில் "பின் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் — பிறகு." அந்தப் "பிறகு" என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஒரு டிராக் கார் நகர்வது இன்ஜினால் என்று நினைப்பவர்கள் எழுதும் பட்டியல் அது. நகர்வது பின் டயர் தரையைப் பிடிக்கும் அந்த உள்ளங்கை அளவுப் பரப்பால். மற்றவை எல்லாம் அந்தப் பரப்புக்கு எதை, எப்போது, எவ்வளவு கொடுப்பது என்ற ஏற்பாடுகள்.

நண்பர் இரண்டு பேரிடம் யோசனை கேட்டிருந்தார். ஒருவர் பல ஆண்டுகள் டிராக் கார் ஓட்டிய பெரியவர். அவருடைய தீர்ப்பு ஒரே மூச்சில் வந்தது: ஃபோர்-லிங்க் (ஆக்சிலை நான்கு தண்டுகளால் பிடிக்கும் சஸ்பென்ஷன்), ஸ்பூல் (இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் துண்டு), இரண்டு கியர் பவர்கிளைடு தானியங்கி கியர்பாக்ஸ். இன்னொருவர் பழைய கார்களைச் சாலைக்காகவே புதுப்பிப்பவர். "நிறுவனம் கொடுத்த பட்டை வடிவ லீஃப் ஸ்பிரிங்கையே மாட்டு, போதும்" என்றார். இருவருமே அனுபவசாலிகள், இருவருமே தங்கள் காரைப் பற்றித்தான் பேசினார்கள். நண்பர் குழம்பிப்போய் என்னிடம் வந்தார். "நடுவில் ஏதாவது சொல்லுங்கள்" என்றார். நடுவில் எதுவும் சொல்லக்கூடாது என்பதுதான் என் எண்ணம்; ஆனால் அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்பது அப்போது என்னிடம் முழுதாக இல்லை.

ஆக்சிலை யார் பிடித்துக்கொள்வது

பின் சஸ்பென்ஷன் பற்றிய சண்டைகள் பெரும்பாலும் பெயர்களைப் பற்றிய சண்டைகள். வேலையிலிருந்து தொடங்கினால் விஷயம் எளிது. இன்ஜினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுவரும் டிரைவ்ஷாஃப்டின் முனையில் பினியன் என்ற சிறு பல்சக்கரம் இருக்கிறது. அது ஆக்சிலில் உள்ள கிரௌன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும்போது ஆக்சில் கூடு எதிர்த்திசையில் சுழலப் பார்க்கிறது; பினியனின் மூக்கு மேலே ஏறுகிறது. அந்தத் திருகலை யாராவது தடுக்க வேண்டும். டயர் காரை முன்னால் தள்ளும் விசையை யாராவது உடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமலும் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் மேல் காரின் எடையையும் தாங்க வேண்டும்.

லீஃப் ஸ்பிரிங் இந்த நான்கையும் தனி ஆளாகச் செய்கிறது. அதன் பெருமையும் அதுதான், வம்பும் அதுதான். முறுக்கு விசை ஏறும்போது பட்டைகள் ஆங்கில எஸ் எழுத்தைப் போல வளைகின்றன. டயரின் பிடி தாங்காமல் விட்டதும் வளைந்தது விடுபட்டு உதறுகிறது. மறுபடி பிடிக்கிறது, மறுபடி வளைகிறது. சக்கரம் துள்ளும் அந்தத் தடதடப்பைக் காருக்குள் உட்கார்ந்து கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஆக்சில்களும் கிரௌன் பற்களும் உடைவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். கிரைஸ்லர் நிறுவனம் 1960களில் தன் பந்தயக் கார்களுக்கென 'சூப்பர் ஸ்டாக்' ஸ்பிரிங்குகளை வடித்தபோது, ஆக்சிலுக்கு முன்னால் உள்ள பகுதியைக் குட்டையாகவும் விறைப்பாகவும் வைத்து, வலப்பக்கத்து ஸ்பிரிங்கை இடப்பக்கத்திலிருந்து வேறுபடுத்திச் செய்தது. லீஃப் ஸ்பிரிங்கை வைத்தே வெல்லலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அதே வேலையை இன்று கால்டிராக்ஸ் போன்ற அமைப்புகள் செய்கின்றன: ஆக்சிலின் அடியிலிருந்து முன்னோக்கிச் செல்லும் ஒரு தண்டு, ஸ்பிரிங்கின் முன் கண்ணருகே உள்ள ஒரு சுழல் தகட்டைத் தள்ளுகிறது, தகடு சுழன்று ஸ்பிரிங்கின் முன்பகுதியை மேலிருந்து அழுத்துகிறது. திருகல் வீணாவதற்குப் பதில் தள்ளலாக மாறுகிறது. சாதாரணமாக ஓட்டும்போது அது இருப்பதே தெரியாது.

லேடர் பார் என்பது இரண்டு முக்கோண ஏணிகள். ஒவ்வொன்றும் ஆக்சிலில் இறுக்கமாகப் பிணைக்கப்பட்டு, முன்னால் ஒரே ஒரு புள்ளியில் சுழல்கிறது. நேர்கோட்டில் ஓடுவதற்கு இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது. சாலையில் ஒரு சக்கரம் மேட்டிலும் மறு சக்கரம் பள்ளத்திலும் இருக்கும்போதுதான் அதன் குணம் வெளிப்படும்: இரண்டு ஏணிகளும் ஆக்சில் கூட்டை ஆளுக்கொரு பக்கம் முறுக்கப் பார்க்கின்றன. கூடு முறுக்கிக்கொள்ளாது, ஆகவே கார் குதிக்கிறது. அப்படிப்பட்ட ஒரு காரில் பக்க இருக்கையில் சில மணி நேரம் பயணம் செய்திருக்கிறேன். சாய்வான வாசல்களில் அது ஏறும் விதத்தைப் பற்றி மரியாதையாக எழுத எனக்கு வரவில்லை.

ஃபோர்-லிங்க் இரண்டு வகை. ஜெனரல் மோட்டார்ஸ் 1964 முதல் செவெல்லில் வைத்ததும், ஃபோர்டு 1979 மஸ்டாங்கிலிருந்து வைத்ததும் மேல் தண்டுகள் சாய்வாக அமைந்த முக்கோண வகை. ரப்பர் புஷ்கள், அமைதி, சுமாரான வடிவியல். பெரியவர் சொன்னது அதுவல்ல. இணையான நான்கு தண்டுகள், இரு முனைகளிலும் வரிசையாகத் துளைகள், எந்தத் துளையில் எந்தத் தண்டு என்று மாற்றி மாற்றிச் சரிசெய்துகொள்ளும் பந்தய வகை. அதற்கு நோவாவின் பின் தரையை வெட்ட வேண்டும், பின் இருக்கையை மறந்துவிட வேண்டும், உலோக மூட்டுகளின் சத்தத்தோடு வாழப் பழக வேண்டும். ஆக்சிலின் திருகலை முன்னோக்கி நீளும் ஒற்றை நீளத் தண்டால் தாங்கும் டார்க் ஆர்ம் என்றொரு நல்ல வழியும் உண்டு. 1982 செவர்லே கமாரோவிலிருந்து இருபது ஆண்டு அந்தக் காரின் அடுத்தடுத்த தலைமுறைகளில் ஓடியது. ஆனால் நோவாவின் தரையடியில் அதற்கு இடம் தேடுவது தனி வேலை என்பதால் நாங்கள் அதை நீட்டவில்லை.

தாளில் இல்லாத தண்டு

பெரியவருக்கும் சாலைக்காரருக்கும் நடுவில் நான் தவித்தது ஒரு கேள்வியில்தான்: ஃபோர்-லிங்க் போட்டால் பின் டயருக்கு உண்மையில் எவ்வளவு கூடுதல் எடை கிடைக்கும்? எல்லோரும் "அது எடையைப் பின்னால் தள்ளும்" என்று சொல்கிறார்கள். எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. ஒரு மாலை தாளை எடுத்து உட்கார்ந்தேன்.

கார் முன்னால் பாயும்போது பின் சக்கரங்களுக்கு இடம்பெயரும் எடை, காரின் எடையை முடுக்கத்தாலும் ஈர்ப்பு மையத்தின் உயரத்தாலும் பெருக்கி, வீல்பேஸால் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) வகுத்தால் கிடைக்கும். பள்ளிக்கூட இயற்பியல்தான். நோவாவின் வீல்பேஸ் 111 அங்குலம், அதாவது 2.82 மீட்டர். ஓட்டுநரோடு எடை 1550 கிலோ என்றும், அதில் 45 சதவீதம் பின்னால் இருப்பதாகவும், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 53 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டேன். சாதாரணச் சாலை டயருக்கு உராய்வுக் குணகம் 1 என்று போட்டால், அந்தக் கார் எட்டக்கூடிய அதிகபட்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.55 பங்கு. அதற்கு மேல் இன்ஜின் எதைக் கொடுத்தாலும் புகைதான். பசை பூசித் தயாரித்த தடத்தில் ஒரு டிராக் ரேடியல் டயருக்குக் குணகம் 1.6 என்று வைத்தால், அதே கார், அதே எடை, 1.03 பங்கு! ஏறத்தாழ இரண்டு மடங்கு. டயரை மாற்றியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

பிறகு மற்றவற்றை அசைத்துப் பார்த்தேன். காரை உயர்த்தி ஈர்ப்பு மையத்தை 5 சென்டிமீட்டர் மேலே கொண்டுபோனால் 1.07. பேட்டரியைப் பின்பெட்டிக்கு மாற்றி, முன்னால் இன்ஜினுக்கு இலேசான அலுமினிய சிலிண்டர் ஹெட்களைப் போட்டு, எப்படியோ பின்பக்கப் பங்கை 50 சதவீதமாக்கினால் 1.14. எடையை இடம் மாற்றுவது உயரத்தைக் கூட்டுவதைவிட நல்ல பலன் தருகிறது. அதுவும் சாலையில் காரின் குணத்தைக் கெடுக்காமல். இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டுத் தாளைத் திரும்பப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. எடை இருந்தது, உயரம் இருந்தது, வீல்பேஸ் இருந்தது, டயர் இருந்தது. ஃபோர்-லிங்க் எங்கே? லேடர் பார் எங்கே? இடம்பெயரும் எடையின் மொத்த அளவில் தண்டுகளுக்கு ஓர் எழுத்துகூட ஒதுக்கப்படவில்லை.

இதை நண்பரிடம் காட்டியபோது அவர் நம்பவில்லை. "அப்படியானால் இத்தனை பேர் ஏன் செலவு செய்கிறார்கள்?" என்றார். நல்ல கேள்வி. தண்டுகள் தீர்மானிப்பது எவ்வளவு எடை என்பதை அல்ல, அது எவ்வளவு வேகமாக டயருக்குப் போய்ச் சேர்கிறது என்பதை. பக்கவாட்டிலிருந்து பார்த்து மேல் தண்டையும் கீழ்த் தண்டையும் கோடாக நீட்டினால் இரண்டும் முன்னால் எங்கோ ஒரு கற்பனைப் புள்ளியில் சந்திக்கும். டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி வழியாக ஒரு கோடு போடுங்கள். முன் ஆக்சிலுக்கு நேர் மேலே, ஈர்ப்பு மையத்தின் உயரத்தில் அது போய் முட்டினால் ஆன்டி-ஸ்குவாட் 100 சதவீதம்: காரின் பின்பக்கம் அமுங்கவும் செய்யாது, எழும்பவும் செய்யாது. கோடு அதற்கு மேலே போனால் பின்பக்கம் எழும்புகிறது. எழும்பும் அந்த நொடியில் டயர் தரையில் அறையப்படுகிறது. கீழே போனால் பின்பக்கம் உட்காருகிறது. ஸ்பிரிங் அமுங்கி முடிக்கும்வரை டயருக்குச் சேர வேண்டியது மெதுவாகச் சேர்கிறது. பின்பக்கம் நன்றாக உட்கார்ந்து புறப்படும் காரைப் பார்த்து "என்ன பிடி!" என்று வியப்பவர்கள் பலர். உட்காருவது பிடியின் அடையாளமே அல்ல.

ஆக, தண்டுகளுக்கு உண்மையான வேலை புறப்பாட்டின் முதல் கண நேரத்தில். முதல் 60 அடியில், அதாவது 18 மீட்டரில், பத்தில் ஒரு விநாடி மிச்சப்படுத்தினால் கால் மைல் முடிவில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அது திரும்பக் கிடைக்கும் என்பது தடத்துக்காரர்கள் கைக்கணக்கு. 8 விநாடியில் ஓடும் காருக்கு அந்தக் கண நேரத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் செதுக்கத் துளைகள் வேண்டும். நம் நோவா? 460 குதிரைத் திறனும் 1550 கிலோவும் சேர்ந்தால் கால் மைலுக்கு 11.4 விநாடி, முடிவில் மணிக்கு 193 கிலோமீட்டர் என்ற அக்கம்பக்கத்தில் வரும். அதற்குத் துள்ளாமல் இருக்க வேண்டும், நேராகப் புறப்பட வேண்டும். அவ்வளவுதான். அதை லீஃப் ஸ்பிரிங்கும் கால்டிராக்ஸ் போன்ற ஒரு ஜோடித் தண்டும் தரும்.

இன்னொன்றும் உண்டு, பலரும் விட்டுவிடுவது. பின் ஆக்சிலைத் திருகுவது என்ஜின் மட்டுமல்ல, பிரேக்கும் திருகும், எதிர்த்திசையில். புறப்படும்போது டயரைத் தரையில் அறைந்த அதே வடிவியல், பிரேக் பிடிக்கும்போது டயரைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். ஆன்டி-ஸ்குவாட் அளவுக்கு மீறி, கற்பனைப் புள்ளியும் ஆக்சிலுக்கு அருகில் இருந்தால், சாலையில் அவசரமாகப் பிரேக் மிதித்ததும் பின் சக்கரங்கள் துள்ளும். தடத்தின் முடிவில் நீளமான ஓடுதளம் இருக்கிறது. சாலையில் முன்னால் ஒரு பேருந்து இருக்கிறது.

உடைவதும் உணர்வதும்

அந்தத் தாளுக்குப் பிறகுதான் நடுவழிக்கு மாற்றாக எனக்கு ஒரு விதி கிடைத்தது. உடையக்கூடிய எதையும் தடத்துக்காகத் தேர்ந்தெடு. உடலில் உணரக்கூடிய எதையும் சாலைக்காகத் தேர்ந்தெடு. உள்முனையில் 35 பற்கள் வெட்டிய தடித்த ஆக்சில் தண்டு சாலையில் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. அதில் நடு பார்த்து 31 பல் வாங்குவதில் என்ன லாபம்? கடினமான ஸ்பிரிங்கோ ஒவ்வொரு நிமிடமும் தெரியும். அதில் தடத்துக்கு ஏன் பாதி விட்டுக்கொடுக்க வேண்டும், தடத்திலோ டயரின் காற்றழுத்தத்தையும் ஷாக் அப்சார்பரின் திருகையும் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்றிருக்கும்போது? சராசரி எடுப்பது இந்த இரண்டு வகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வரும் வினை.

இந்த விதியோடு ஆக்சிலைப் பார்த்தால் முடிவு சட்டென்று வந்தது. தண்டு ஒன்றின் முறுக்கு வலிமை அதன் விட்டத்தின் மூன்றாம் படியில் ஏறும். 31 பல் ஆக்சிலின் விட்டம் ஏறத்தாழ 1.31 அங்குலம், 35 பல்லுக்கு 1.5 அங்குலம். கேட்பதற்கு அற்ப வேறுபாடு. வலிமையிலோ ஒன்றரை மடங்கு. நோவாவுக்கு நிறுவனமே கொடுத்த ஆக்சில்களில் தண்டின் உள்முனையை ஒரு சிறு சி-கிளிப்தான் பிடித்திருக்கும். தண்டு முறிந்தால் சக்கரம் அதோடு வெளியே நடந்துபோகும். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏவின் விதிகள் 10.99 விநாடியிலும் அதற்கு விரைவாகவும் ஓடும் இதுபோன்ற பழைய கார்களுக்கு அதை அனுமதிப்பதில்லை. நம் கார் அந்த எல்லைக்கு அரை விநாடி இந்தப் பக்கம் நிற்கிறது. ஆனால் சக்கரத்துக்கு விதிப்புத்தகம் தெரியாது.

ஃபோர்டு 9 அங்குல ஆக்சிலை (9 அங்குலம் கிரௌனின் விட்டம்) செவர்லேயில் மாட்டுவது சிலருக்கு மதமாற்றம் மாதிரி. எனக்கு அந்த உணர்ச்சி இல்லை. 1957இல் வந்து 1986வரை தயாரிக்கப்பட்ட அந்த ஆக்சிலில் பினியன் கிரௌனின் மையத்தைவிட மிகவும் தாழ்வாக அமர்ந்திருக்கிறது. பற்கள் ஒன்றோடொன்று அதிகப் பரப்பில் உரசுகின்றன. வலிமை கூடுகிறது, உராய்வு இழப்பும் கூடுகிறது. பினியனின் மறுமுனையிலும் ஒரு பேரிங் தாங்குவதால் அது வளைந்து விலகுவதில்லை. ஆக்சில் தண்டுகளை வெளிமுனைத் தகடு பிடிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிரௌனும், திருப்பங்களில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலும் அடங்கிய பகுதியை முன்பக்கமாக அப்படியே கழற்றி வெளியே எடுத்துவிடலாம். அந்த வசதி பின்னால் வேறொரு விதத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது.

நான்கு சக்கரத்துக்கும் தனிச் சஸ்பென்ஷன் உள்ள கார்களைக் காட்டி, இந்த ஒற்றை ஆக்சில் பழங்காலத்துச் சரக்கு என்பவர்கள் உண்டு. 2018 டாட்ஜ் டீமன் தனிப் பின் சஸ்பென்ஷனோடு 9.65 விநாடியில் ஓடிக் காட்டியது உண்மை. அதற்காக அந்த நிறுவனம் 41 பல் அரைத்தண்டுகளைச் செய்தது என்பதும் உண்மை. அதே காலத்தில் ஃபோர்டு தன் கோப்ரா ஜெட் பந்தயக் காருக்கும் செவர்லே தன் கோபோ கமாரோவுக்கும் சாலைப் பதிப்பிலிருந்த தனிச் சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு ஒற்றை ஆக்சிலைப் போட்டன. ஒற்றை ஆக்சிலுக்கு ஒரு குறை மட்டும் உண்டு. டிரைவ்ஷாஃப்ட் ஆக்சிலைத் திருகும்போது வலப்பின் சக்கரம் தூக்கப்பட்டு இடப்பின் சக்கரம் அழுத்தப்படுகிறது. அதே அளவுத் திருகல் இன்ஜின் தாங்கிகள் வழியாக உடலுக்கு எதிர்த்திசையில் போகிறது. உடல் தாங்கும் அந்தத் திருகலைப் பின்பக்கத்தின் வழியாகவே ஆக்சிலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பின்பக்கத்துக்கு ஒரு தடித்த ஆன்டி-ரோல் பார் (உடல் ஒரு பக்கம் சாய்வதைத் தடுக்கும் தண்டு) போட்டதும் கார்கள் நேராகப் புறப்படுவதற்குக் காரணம் இதுதான். சாலை வளைவுகளில் அது கொஞ்சம் விறைப்பைக் கூட்டும். அதன் இணைப்புத் தண்டை இரண்டு போல்ட்டில் கழற்றிவிடலாம் என்பதால் விதி தப்பித்தது.

கியரைப் பின்னிருந்து எண்ணுவது

சக்கரம் ஒருமுறை சுற்ற டிரைவ்ஷாஃப்ட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதே பின் ஆக்சிலின் கியர் விகிதம். அதில்தான் ஆசை அதிகம் விளையாடும். "4.56 போடு, பறக்கும்" என்பார்கள். தாளைத் திரும்ப எடுத்தோம். டிராக் ரேடியலின் உச்சப் பிடியான 1.03 பங்கு முடுக்கத்துக்கு, 28 அங்குல உயர டயரோடு, ஆக்சிலில் வேண்டிய முறுக்கு விசை ஏறத்தாழ 5,570 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 2.48, பின் ஆக்சில் 3.89 என்று வைத்தால், 600 நியூட்டன் மீட்டர் இன்ஜின் இழப்புகளைக் கழிக்காமல் 5,790 கொடுக்கிறது. இன்ஜினையும் தானியங்கி கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் புறப்பாட்டில் அதை இன்னும் பெருக்கும். ஆகவே 3.89லேயே டயர் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டோம். 4.56 புறப்பாட்டில் கூட்டுவது புகையை மட்டுமே.

அப்படியானால் விகிதத்தைத் தீர்மானிப்பது தொடக்கக் கோடு அல்ல, முடிவுக் கோடு. மணிக்கு 193 கிலோமீட்டரில் அந்த டயர் நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும். 3.89ஆல் பெருக்கி, கன்வெர்ட்டர் வழுக்கலுக்கு ஐந்து சதவீதம் சேர்த்தால் இன்ஜின் 5,900இல் நிற்கிறது. உச்சத் திறன் 6,000 அருகே. இதைவிடப் பொருத்தம் தேடினாலும் கிடைக்காது. 4.56 போட்டிருந்தால் கோட்டைத் தாண்டும்போது 6,900இல் கத்திக்கொண்டிருக்கும்.

கியர்பாக்ஸ் இதன் பிறகு தானாகவே வந்தது. பெரியவரின் பவர்கிளைடில் முதல் கியர் 1.76. இலேசான, பெருந்திறன் கார்களுக்கு அது அற்புதம். முதல் கியரில் மிஞ்சுவதைக் குறைத்து, உள்ளே சுழலும் எடையையும் குறைக்கிறது. 1550 கிலோ காரில் 6,500இல் கியர் மாற்றினால் இன்ஜின் 3,700க்கு விழுந்து மறுபடி ஏற வேண்டும், ஓவர்டிரைவும் (நெடுஞ்சாலையில் இன்ஜினை மெதுவாக ஓடவிடும் மேல் கியர்) இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 கியர்பாக்ஸ் என்றால் முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63, அங்கும் அதே பள்ளம். 4எல்80ஈ: 2.48, 1.48, 1.00, பிறகு 0.75 ஓவர்டிரைவ், பூட்டிக்கொள்ளும் கன்வெர்ட்டர். பழம்பெரும் டி.எச்.400இன் விகிதங்களோடு நான்காவது கியர் ஒட்டிய வாரிசு. கனமானது, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றும் வேண்டும்; ஆனால் உடையாது. 0.75இல் மணிக்கு 100 கிலோமீட்டர் போகும்போது இன்ஜின் 2,180 சுற்றில் நிதானமாக ஓடும். அமெரிக்காவில் 2005இல் தொடங்கிய டிராக் வீக் பந்தயத்தில், ஒரு வாரத்துக்குள் பல தடங்களில் ஓட்டி, தடத்துக்குத் தடம் அதே காரைச் சாலையில் ஓட்டிக்கொண்டே போக வேண்டும். அங்கே ஓவர்டிரைவின் அருமையை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மற்றவற்றைக் கடகடவென்று முடித்தோம். டிரைவ்ஷாஃப்டுக்குப் பெரிய 1350 வகை ஜாயின்ட், முன் ஜாயின்டுக்கு ஆறு அங்குலத்துக்குள் ஒரு பாதுகாப்பு வளையம், ஏனென்றால் முன்முனை விழுந்து தரையில் குத்தினால் காரைத் தூக்கிவிடும், 11.49 விநாடிக்கு உள்ளே வரும் இதுபோன்ற பழைய கார்களுக்கு விதிகள் கேட்கும் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவு). இவையெல்லாம் விவாதத்துக்குரியவை அல்ல.

விவாதம் நடந்தது டிஃபரன்ஷியலில். என் விதி உடைந்தது அங்கேதான்: டிஃபரன்ஷியல் உடையவும் கூடியது, உணரவும் கூடியது. ஸ்பூல் இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டு போலப் பூட்டிவிடும். உடைவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை, தடத்தில் அதற்கு நிகரும் இல்லை. சாலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேய்ந்து முனகும், ஆக்சில் தண்டுகள் காரணமில்லாமல் முறுக்கப்படும், ஈரத்தில் பின்பக்கம் தனி முடிவெடுக்கும். டெட்ராய்ட் லாக்கர் என்னும் டிஃபரன்ஷியல் வலுவானது. திருப்பங்களில் கடகடத்து, விசை கொடுத்ததும் டமாரென்று பூட்டிக்கொள்ளும். ட்ரூட்ராக் சுருள்பல் கியர்களால் ஆனது, சத்தமில்லாதது. ஆனால் ஒரு சக்கரத்தின் சுமை முற்றிலும் போய்விட்டால் அதன் பிடியும் போய்விடும். நான் ட்ரூட்ராக் என்றேன். ஆன்டி-ரோல் பார் இரண்டு சக்கரங்களையும் தரையில் வைத்திருக்கும்வரை அது போதும் என்பது என் வாதம். நண்பருக்கு ஸ்பூல் மீது கண். கடைசியில் 9 அங்குல ஆக்சிலின் அந்த முன்பக்க வசதி நினைவுக்கு வந்தது: சாலைக்கு ட்ரூட்ராக்கும் 3.89உம் போட்ட ஒரு தொகுதி, தடத்துக்கு ஸ்பூல் போட்ட இரண்டாவது தொகுதி, வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம்.

நண்பர் உற்சாகமாகி இரண்டையும் வாங்கக் கிளம்பியபோது பெரியவரும் உடனிருந்தார். எங்கள் தாளை வாங்கி முழுவதும் படித்தார். லீஃப் ஸ்பிரிங்கைப் பார்த்து முகம் சுளித்தார், கியர் கணக்கைப் பார்த்துத் தலையசைத்தார். "இந்தக் காருக்கு இரண்டாவது தொகுதி எதற்குத் தம்பி? அந்தக் காசுக்குத் தடத்துக்கென்று தனியாக ஒரு ஜோடி டயரும் சக்கரமும் வாங்கலாமே" என்றார். டயரும் சக்கரமும்தான் வாங்கப்பட்டன.